மேலே இருக்கிறவர் கண்ட கார்த்திகை

ஓடக்காரத் தெருவுக்கு ஜனங்கள் திரும்பி வந்து குடியேறிவிட்டார்கள் என்று மேலே இருக்கிறவர் சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொன்ன நேரத்தில் அந்தத் தெருக்காரர்கள் அத்தனை பேரும் வெகுதூரம் தள்ளி, மேட்டுப் பள்ளிக்கூடத்து முகாமில், ஆளுக்கொரு தட்டோடு இட்லிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

மேலே இருக்கிறவர் என்றால் கடவுள் இல்லை. கடவுளிடமாவது அழுது புரளலாம். இது கடலூர்க் கரைக்கு மேலே, மேகத்தை ஒட்டி மிதந்துகொண்டிருக்கும் ஒரு ஆளில்லாக் கலம். அரசாங்கம் அதற்கு 'மீள்நோக்கு' என்று அழகாகத்தான் பெயர் வைத்தது. ஊர்க்காரர்கள் வாயில் அது நுழையவில்லை, அதனால் அதை மேலே இருக்கிறவர் ஆக்கிவிட்டார்கள். வருஷத்துக்கு வருஷம் கடல் உள்ளே ஏறிவருகிற காலத்தில், ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் எந்தத் தெருவில் மனிதர் இனியும் வாழலாம், எந்தத் தெருவைத் தண்ணீருக்கே விட்டுவிட வேண்டும் என்று சொல்வது அதன் வேலை. வாழலாம் என்றால் சுவரைப் பூசிக்கொள்ள சிமெண்டும் கூரைக்குத் தகரமும் வரும். வாழ முடியாது என்றால் மேட்டுநகரில் வீடு. தண்ணீர் எட்டாத உயரத்தில், அடுக்குமாடியில், சொந்த வீடு.

முன்பு இதை மனிதர்கள்தான் செய்தார்கள். யார் யாருக்கு வேண்டியவர், யாருடைய மச்சான் எங்கே இருக்கிறார் என்றெல்லாம் பார்த்துச் செய்தார்கள். தண்ணீரையே பார்க்காத தெருவுக்கு வீடும், கழுத்துவரை மூழ்கிய தெருவுக்குப் போர்வையும் கிடைத்த கதை ஊருக்குப் பத்து உண்டு. கலத்துக்கு மச்சான் கிடையாது. அதனால் ஜனங்களுக்கு அதன் மேல் ஒரு மரியாதை இருந்தது. ஆனால் எதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது என்பதை மட்டும் அரசாங்கம் வெளியே சொல்லாது. சொன்னால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? நல்ல கூரையைப் பிரித்து வாசலில் போட்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள்.

இட்லி ஊற்றிக்கொண்டிருந்த குமுதவல்லிக்கு அந்தச் செய்தி காதில் விழுந்தபோது கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

உண்மையில் அவளுக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஓடக்காரத் தெருவின் முப்பத்தொரு வீட்டில் வாடகைக்கு இருந்தவள் அவள் ஒருத்திதான். படகு இன்ஜின் பழுது பார்க்கும் சவரிமுத்துவின் மாடியில் ஒற்றை அறை. அதில் அவளும், மகள் செவ்வந்தியும், ஒரு கிரைண்டரும். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு இட்லி மாவு அரைத்து விற்றுத்தான் பிழைப்பு. மேட்டுநகர் வீடு என்பது வீட்டுக்காரர்களுக்கு மட்டும். வாடகைக்காரர்களுக்கு ஒரு பாய், ஒரு வாளி, அப்புறம் 'வேற எடம் பாத்துக்கங்க' என்ற நல்ல வார்த்தை. இது குமுதாவுக்குத் தெரியும். தெரு மேட்டுக்குப் போனால் தான் தனியாகிவிடுவோம் என்பதும் தெரியும். இருந்தும் அந்தத் தெருவுக்கு வீடு கிடைக்க வேண்டும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை.

காரணம் இருந்தது. புயல் அடித்த அன்று காலை செவ்வந்திக்கு ஜுரத்தில் வலிப்பு வந்துவிட்டது. கீழே தெருவில் மார்பளவு தண்ணீர். குமுதா மாடிப்படியில் நின்று கத்தினாள். சவரிமுத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் வீட்டு வாசல் கதவைக் கீலோடு பிடுங்கினார், பெண்ணை அதன் மேல் கிடத்தினார். எதிர்வீட்டுக் கபூர் பாய் ஒரு பக்கம், கருவாட்டு வியாபாரி கோதண்டம் ஒரு பக்கம், இன்னும் யார் யாரோ. கதவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நெடுஞ்சாலை ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தார்கள். கபூர் பாயின் மனைவி ஜைபுன்னிசா தன் சொந்த வீட்டில் தண்ணீர் புகுவதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பெண்ணின் முகத்துக்கு மேலே முக்காட்டை விரித்துப் பிடித்தபடி கூடவே வந்தாள். பெண் பிழைத்தது. சவரிமுத்துவின் கதவு எங்கோ கடலுக்குப் போயிருக்கும் என்று நினைத்தார்கள். ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரி வாசலிலேயே அது சாய்ந்துகிடந்தது.

தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் முகாமுக்குப் போனார்கள். குமுதா மட்டும் மாடிக்குத் திரும்பினாள். கிரைண்டர் அங்கேதான் இருந்தது. முகாமுக்கு இட்லி ஊற்ற மாவு வேண்டுமே. போகிற போக்கில் எல்லாரும் தங்கள் வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு ஆணியில் தெருவே தொங்கிக்கொண்டிருந்தது.

தீர்ப்பு வந்த மறுநாள், மீட்பு அலுவலர் மதிவதனி முகாமுக்கு வந்தாள். சின்ன வயசு, மெலிந்த உடம்பு, கணுக்கால்வரை சேறு. அவள் வரவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் தலை எண்ணிப் பார்த்தவள் அவள். தெருக்காரர்கள் முகாமில் இருக்க, தெருவில் இருந்தவர்கள் யார் என்ற கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. கலம் பார்ப்பது என்ன என்பதை அவள் அன்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லக்கூடாது என்பது விதி. சொல்லாமல் இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"அது வீட்டப் பாக்காதுங்க. சூட்டத்தான் பாக்கும். தண்ணி வடிஞ்ச பெறகு ஒரு மாசத்துக்கு, சாயங்கால நேரமா. அடுப்பு எரியுதா, வெளக்கு எரியுதான்னு. தெருவுல பாதி வீட்டுக்கு மேல ஒரு நாள் எரிஞ்சாக்கூட, அங்க வாழ முடியுதுன்னு எடுத்துக்கும்."

"எங்க தெருவுல யாருங்க எரிச்சா?" என்று கேட்டார் சவரிமுத்து.

மதிவதனி கையிலிருந்த டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். கறுப்புத் திரையில் தெரு நீளத்துக்கு இரண்டு வரிசையாகச் சின்னச் சின்ன மஞ்சள் பொட்டுகள். ஒரு வீடு பாக்கியில்லை. மற்ற நாளெல்லாம் மாடியில் ஒரே ஒரு பொட்டுத்தான். அந்த ஒரு சாயங்காலம் மட்டும் தெரு முழுக்க வெளிச்சம்.

அவ்வளவுதான், முகாம் இரண்டாகிவிட்டது. யாரோ களவாகப் போய்க் குடியிருந்து எல்லார் வாயிலும் மண்ணைப் போட்டுவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. கோதண்டம்தான் அடிக்கடி கருவாட்டுக் கூடையைப் பார்க்கப் போனார் என்றார்கள். அவர் கபூர் பாயைக் கை காட்டினார். பாய்க்குக் கோபம் வந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பெண்ணைச் சேர்ந்து தூக்கிக்கொண்டு நடந்த அதே ஆட்கள் இப்போது ஒருவரையொருவர் கண்ணால் எரித்தார்கள்.

குமுதா இட்லிக் கொப்பரைப் பக்கத்திலேயே நின்றாள். அது எந்தச் சாயங்காலம் என்று அவள் மதிவதனியைக் கேட்கவே இல்லை. அது அவளுக்குத் தெரியும்.

கார்த்திகை தீபம். அன்று முகாமிலிருந்து பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அவள் தெருவுக்குள் நுழைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. முப்பத்தொரு வீடும் வாயடைத்துக் கிடந்தன. வருஷத்தில் அந்த ஒரு நாள் வாசல் இருண்டு கிடக்கக்கூடாது. தன் பெண்ணைத் தலைமேல் தூக்கிப்போன வீடுகள் இவை. இந்த ஜனங்களுக்குத் தான் என்னத்தைத் திருப்பிச் செய்துவிட முடியும் என்று அவள் அன்றாடம் யோசித்துக்கொண்டிருந்தாள். இது முடியும் என்று அப்போது பட்டது. அகல் எல்லாம் வெள்ளத்தோடு போயிருந்தது. அவளிடம் பச்சரிசி இருந்தது, வெல்லம் கொஞ்சம் இருந்தது. மாவைப் பிசைந்து குழித்து மாவிளக்காகவே செய்துவிட்டாள். பழைய சேலையைக் கிழித்துத் திரி. வாசலுக்கு இரண்டு. அடுத்த கார்த்திகைக்கு இவர்கள் எல்லாரும் மேட்டில் இருப்பார்கள், தான் எங்கோ இருப்போம், இதுதான் கடைசி என்ற எண்ணத்தில் அழுதுகொண்டே ஏற்றினாள். காலையில் காக்கையும் அணிலும் ஒன்றுவிடாமல் தின்றுவிட்டன. அதனால் அவள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று அவள் யோசிக்காமல் இல்லை. அவளும் மனுஷிதானே. சவரிமுத்து கோபத்தில் மாடியைக் காலி செய்யச் சொன்னால், இப்போதுதான் தேறிவரும் பெண்ணை அழைத்துக்கொண்டு எந்தத் தெருவில் போய் நிற்பது? ஆனால் கபூர் பாயின் சட்டையைக் கோதண்டம் பிடிக்கப்போன அந்த நிமிஷம் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"நான்தாங்க ஏத்துனேன். கார்த்திகைக்கு. எல்லா வாசல்லயும் நான்தான் வெளக்கு வச்சேன்."

சத்தம் அடங்கியது. கோதண்டம்தான் முதலில் வாயைத் திறந்தார். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"உனக்குத்தான் வீடு கெடயாது. எங்களுக்கும் கெடைக்கக்கூடாதுன்னு பண்ணிட்டியா?"

 அந்த வார்த்தை குமுதாவுக்கு உள்ளே போய் எங்கேயோ ஆழமாகத் தைத்தது. கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று கொப்பரையின் ஆவிப் பக்கம் முகத்தைக் காட்டிக்கொண்டாள். சவரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மதிவதனி மட்டும் டேபைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு அதைச் சாப்பாட்டு மேஜை மேல் நிமிர்த்தி வைத்தாள். கலம் சேர்த்துவைப்பது அந்த ஒரு படம் மட்டும் இல்லையாம். அந்தச் சாயங்காலம் முழுவதையும் ஓடவிட்டுப் பார்க்கலாமாம். மனிதரின் சூடும் அதில் தெரியும். முகம் தெரியாது, ஒரு சிவப்புப் புள்ளி மட்டும். வாருங்கள், நீங்களே பாருங்கள் என்றாள்.

கூட்டம் மேஜையைச் சுற்றிக் குனிந்தது. இருண்ட தெரு. மாடிப்படியில் ஒரு சிவப்புப் புள்ளி இறங்கியது. அந்த நீளமான தெருவில் அது ஒன்றுதான் உயிர். முதல் வாசலில் நின்றது, ஒரு மஞ்சள் பொட்டு பூத்தது, இன்னொன்று பூத்தது. அடுத்த வாசல். பிறகு எதிர்வாசல். நடுவில் திரும்ப மாடிக்கு ஓடி, எதையோ எடுத்துக்கொண்டு வந்தது. கதவில்லாத சவரிமுத்து வீட்டில் மட்டும் பொட்டு அணைவதும் எரிவதுமாக இருந்தது. புள்ளி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. காற்று, என்றாள் குமுதா மெல்ல. அப்புறம் உடைந்த பானை ஒன்றைச் சாய்த்து மறைப்பு வைத்தேன் என்றாள். சவரிமுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

கோதண்டம் வீட்டு வாசலில் புள்ளி இங்கும் அங்கும் நகர்ந்தது. படியெல்லாம் சேறாக இருந்தது, வழித்துக் கழுவிவிட்டுத்தான் விளக்கை வைத்தேன் என்றாள் குமுதா. கோதண்டம் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

அடுத்து கபூர் பாய் வீடு. புள்ளி அந்த வாசலைத் தாண்டிப் போனது. நான்கைந்து வீடு போனது. பிறகு நின்றது. நின்று, திரும்பி, அதே வாசலுக்கு வந்தது. அங்கும் இரண்டு பொட்டு.

"ஏன் புள்ள திரும்பி வந்தே?" என்று கேட்டாள் ஜைபுன்னிசா.

"நீங்க தப்பா எடுத்துப்பீங்களோன்னுதான் மொதல்ல போயிட்டேன். அப்புறம் திரும்பிப் பாத்தா உங்க வாசல் மட்டும் இருட்டா கெடந்துச்சு. மனசு கேக்கலக்கா."

ஜைபுன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவே இல்லை. வீடு போனால் போகட்டும், நாதியற்றுப் போட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்த வீட்டில் அன்றைக்கு விளக்கு எரிந்திருக்கிறதே, அது போதும் எனக்கு என்று அழுதாள். அதற்குப் பிறகு முகாமில் சண்டை தொடரவில்லை. கோதண்டம் தட்டை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தவர் அன்று இட்லியைத் தொடவில்லை.

கலம் எங்கே தவறியது என்று மதிவதனிக்கு இப்போது புரிந்துவிட்டது. புறப்படும்போது குமுதாவிடம் மனம்விட்டுச் சொன்னாள்: கார்த்திகை விளக்கு என்றால் என்னவென்று கலத்துக்குத் தெரியும், அதற்கு எல்லாப் பண்டிகையும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

"ஒரு வீட்டுக்கு வெளக்கு ஏத்தறவங்க அந்த வீட்டு ஆளு. இப்படித்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்தோம். அடுத்த வீட்டுக்கும் ஒருத்தர் ஏத்துவாங்கன்னு எங்க யாருக்கும் தோணலக்கா."

அந்தச் சாயங்காலத்தைக் கலம் திரும்பப் பார்க்க வேண்டும் என்று மதிவதனி மேலதிகாரிகளுக்கு எழுதினாள். பதில் வர மாதங்கள் ஆகின. முகாமிலிருந்து தகரக் கொட்டகைக்கு மாறினார்கள். பொங்கல் போயிற்று, மாசி மகம் போயிற்று. மாடி அறையைக் காலி செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஆனாலும் குமுதா மனதுக்குள் மூட்டை கட்டிவிட்டாள். நல்ல முடிவு வந்தால் தெரு மேட்டுக்குப் போகும். அங்கேயும் எல்லாரும் ஒன்றாக இருக்கப்போவதில்லை. மேட்டுநகரில் வீடு குலுக்கலில்தான். ஒரு தெருக்காரர் ஒரு மூலைக்கும் இன்னொருவர் அடுத்த மூலைக்குமாகச் சிதறிப்போவார்கள். அண்ணன் தம்பி, அப்பா பிள்ளை என்று ஒரே குடும்பமாக இருந்தால் மட்டும் பிரிக்கமாட்டார்கள், அடுத்தடுத்த கதவு கொடுப்பார்கள்.

சித்திரை வெயிலில் மதிவதனி வந்தாள். கொட்டகை வாசலில் நின்று, தீர்ப்பு மாறிவிட்டது, எல்லாருக்கும் வீடு என்றாள். சவரிமுத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கபூர் பாய் இரண்டு கையையும் ஏந்தினார். குமுதாவுக்கு நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியது. தன்னால் கெட்டது தன் கண்ணெதிரிலேயே சரியானதைப் பார்த்துவிட்டாள். அதற்கே அவள் அந்தப் பெண்ணின் காலில் விழத் தயாராக இருந்தாள். கும்பிட்டுவிட்டு, கிரைண்டரைக் கட்ட ஒரு கயிறு கிடைக்குமா என்று ஜைபுன்னிசாவிடம் கேட்டாள். விருத்தாசலத்தில் தூரத்து உறவு ஒன்று இருந்தது.

"எங்கக்கா கெளம்புறீங்க?" என்றாள் மதிவதனி. "உங்க கதவு நடுவுல இருக்கு."

யாருக்கும் விளங்கவில்லை. மதிவதனிக்கே சிரிப்பும் அழுகையுமாக வந்தது. நிதானமாக எடுத்துச் சொன்னாள். கலம் அந்தச் சாயங்காலத்தைத் திரும்பப் பார்த்தது. தெருவில் ஆட்கள் இல்லை, ஒரே ஒரு ஆள்தான் என்று கண்டுகொண்டது. அதனால் தெரு வாழத் தகாதது, வீடு கொடுக்க வேண்டும். அது முடிந்தது. ஆனால் அந்த ஒரு ஆள் யார்? விளக்கு ஏற்றுகிறவர் அந்த வீட்டு ஆள் என்பதுதானே அதற்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அந்தப் பாடத்தை அது மாற்றவில்லை. முப்பத்தொரு வாசலிலும் விளக்கேற்றியவர் முப்பத்தொரு வீட்டுக்கும் ஆள். ஒரே ஆள் எல்லா வீட்டுக்கும் சொந்தமென்றால் எல்லா வீடும் ஒரே குடும்பம். ஒரே குடும்பத்தைப் பிரிக்கக்கூடாது. ஆகவே மேட்டுநகரில் ஓடக்காரத் தெருவுக்கு ஒரே கட்டடம், அடுத்தடுத்த கதவு. முப்பத்தொன்று இல்லை, முப்பத்திரண்டு; கூடுதலான ஒன்று விளக்கேற்றியவருக்கு.

"நான் வாடகைக்கு இருந்தவம்மா," என்றாள் குமுதா.

"அது அதுக்குத் தெரியாதுக்கா. நானும் சொல்லல."

குமுதா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். செவ்வந்தி ஓடிவந்து என்னம்மா என்று கேட்டது. இனிமேல் உங்கம்மாவிடம் வாடகை கேட்க முடியாது என்று சவரிமுத்து சொல்ல, கூட்டம் சிரித்தது. கோதண்டம் சிரிக்கவில்லை. அவர் கயிறு ஒன்று தேடிக் கொண்டுவந்து, கிரைண்டரைக் கட்ட ஆரம்பித்தார். மேட்டுநகர் போன பிறகும், யார் சொல்லியும் கேளாமல், தன் தோளிலேயே அதை மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினார். ஏறி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அன்றைக்குச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே தாயி என்றார். குமுதா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அந்த வருஷம் கார்த்திகைக்கு அவள் முந்தின வருஷம் போலவே மாவைப் பிசைந்துகொண்டு வாசலுக்கு வந்தபோது, அவள் கதவுக்கு முன்னால் ஏற்கனவே இரண்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோணல்மாணலான மாவிளக்கு. கோதண்டம் செய்தது என்று பார்த்தாலே தெரிந்தது. ஜைபுன்னிசா சவரிமுத்து வாசலில் குனிந்திருந்தாள். சவரிமுத்துவோ கபூர் பாயின் வாசலில் இருந்தார். ஆளாளுக்கு அடுத்தவர் வாசலில்தான் நின்றார்கள், தன் வாசலில் யாரும் இல்லை. இதைப் பார்த்துவிட்டு எதிர்க் கட்டடத்து உப்பளத் தெருக்காரர்கள் இறங்கி வந்து என்ன சங்கதி என்று விசாரித்தார்கள். விசாரித்துவிட்டு அவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு அடுத்த கட்டடமும் தொற்றிக்கொண்டது.

மறுநாள் காலையில் மதிவதனி போன் செய்தாள்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? மேட்டுநகர் முழுக்க ஒரே குடும்பம்னு சொல்லுது. தப்புன்னு திருத்தி எழுதணும் நான்."

குமுதா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். யாருடைய பிள்ளையோ யார் வீட்டிலிருந்தோ இட்லி தின்றுகொண்டே ஓடியது.

"அது சரியாத்தானேம்மா சொல்லிருக்கு," என்றாள்.